கரன்ட் போனால் சம்ப் வழியாமல் இருக்க

மீன்தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள் வைக்கிற இரண்டாவது தொட்டிதான் சம்ப். மேல்தொட்டியில் தண்ணீர் ஓர் உயரத்தைத் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள் வழிந்து, டிரெயின் குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். அங்கே ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), மீடியா (வடிகட்டும் பொருள்கள்) எல்லாவற்றையும் கடந்து கடைசி அறைக்கு வந்து சேரும். அந்த அறையில் உள்ள ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே தள்ளும். இறங்க மின்சாரம் வேண்டியதில்லை, ஏறத்தான் வேண்டும். அதனால் பம்ப் நின்ற நொடியில் ஏறுவது நின்றுவிடுகிறது. இறங்குவது மட்டும் இன்னும் சில நிமிடம் நடக்கிறது. அப்படி இறங்குகிற தண்ணீருக்குச் சம்ப்பில் இடம் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் அது தரைக்கு வரும்.

“வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, நமக்கு இது வராது” என்று நினைக்க வேண்டாம். பம்ப் நிற்கக் கரன்ட் போவது ஒன்றுதான் காரணம் என்றில்லை. தீனி போடும்போது நாமே நிறுத்துவோம், கழுவ எடுப்போம், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகும், பம்பின் சுழலும் விசிறியான இம்பெல்லருக்குள் சின்ன நத்தை ஒன்று போய்ச் சிக்கும். சம்ப் வைத்த எந்தத் தொட்டியிலும் பம்ப் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்றால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்வதே வேலை.

எவ்வளவு தண்ணீர் இறங்கும், எங்கிருந்து?

முதலாவது, விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீர். பம்ப் ஓடும்போது மேல்தொட்டியின் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ பாக்ஸின் விளிம்புக்குச் சமமாக இருக்காது, சற்று உயர்ந்தே நிற்கும். ஏரி நிரம்பிக் கலிங்கு பாயும்போது கலிங்கின் மேல் ஒரு கனத்துக்குத் தண்ணீர் நிற்கும் அல்லவா, அதேதான் இது. பாக்ஸின் விளிம்பில் சீப்புபோல் உள்ள பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை மட்டும் கூட்டினால் 20 செ.மீ. வருகிறது, அதில் மணிக்கு 2000 லிட்டர் பாய்கிறது என்றால், அந்தக் கனம் சுமார் 1.3 செ.மீ. இருக்கும். அதே ஓட்டத்துக்கு விளிம்பு 40 செ.மீ. நீளம் இருந்தால் 8 மி.மீ. அளவுக்குக் குறையும். பம்ப் நின்றதும் இந்தக் கனம் முழுவதும் கீழே வந்துவிடும். இதைத் தடுக்க வழியில்லை, தடுக்கவும் தேவையில்லை.

இரண்டாவதுதான் வில்லன்: ரிட்டர்ன் குழாய் வழியாகப் பின்னோக்கி வரும் தண்ணீர். பம்ப் நின்றுவிட்டால் வழி அடைபட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நின்ற இம்பெல்லர் எதையும் அடைக்காது. குழாய் நிறையத் தண்ணீர், மேல்முனை மேல்தொட்டித் தண்ணீருக்குள், கீழ்முனை சம்ப்புக்குள் என்றால் அது முழுமையான சைஃபன், அதாவது பம்ப் இல்லாமலே உயரத்திலிருந்து தாழ்வுக்குத் தண்ணீரை இழுக்கும் குழாய். மேல்முனைக்குள் காற்று புகும் வரை அது மேல்தொட்டியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள் இருக்கும் தண்ணீர். டர்சோ குழாய் (பாக்ஸுக்குள் உயர்ந்து நிற்கும், தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இறக்கும் டிரெயின்) வைத்திருந்தால் பாக்ஸுக்குள் நீர்மட்டம் குழாயின் உயரத்திலேயே நின்றுவிடும், பெரிதாக எதுவும் இறங்காது. ஹெர்பி, பீன் அனிமல் என்ற சத்தமில்லாத டிரெயின் முறைகளில் பிரதான டிரெயின் முழு சைஃபனாக ஓடுகிறது. அதன் வாய் பாக்ஸின் அடியில் இருந்தால் பாக்ஸ் கிட்டத்தட்டக் காலியாகும் வரை உறிஞ்சும். சத்தம் வராத டிரெயின் வேண்டும் என்று ஹெர்பிக்கு மாறுகிறவர்கள் கணக்கில் விடுவது பெரும்பாலும் இதைத்தான்.

குழாய்களுக்குள் இருப்பது அற்பம். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர்தான் பிடிக்கும். ஸ்கிம்மரின் உடலில் சம்ப்பின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீரும் இறங்கும். அளவைப் பொறுத்து ஒன்றிரண்டு லிட்டர்.

ஒரு நாலடித் தொட்டியின் கணக்கு

கடைகளில் அதிகம் போகிற அளவையே எடுத்துக்கொள்வோம்: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். செ.மீ. கணக்கில் 120-க்கு 45. பரப்பு 5400 சதுர செ.மீ., ஆகவே நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே போகும். சம்ப் 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் என்று வைப்போம். அதில் 1 செ.மீ. ஏற 2.6 லிட்டர் போதும். மேலே 1 செ.மீ. இறங்கினால் கீழே 2 செ.மீ. ஏறும் என்ற இந்த விகிதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

சம்ப்பின் தடுப்புக் கண்ணாடி 22 செ.மீ. உயரம். பம்ப் ஓடும்போது முன் அறைகளில் நீர்மட்டம் அந்தத் தடுப்பின் உயரத்திலேயே நிற்கும். ஏறி இறங்குவது பம்ப் இருக்கும் கடைசி அறை மட்டும்தான். அந்த அறை 25 செ.மீ. நீளம், அதில் தண்ணீர் 18 செ.மீ. என்று கொண்டால், தடுப்பின் உயரம் வரை நிரம்ப 3.5 லிட்டர் பிடிக்கும். அதற்கு மேல் சம்ப் முழுவதும் ஒன்றாக ஏறும்: 13 செ.மீ., அதாவது 34 லிட்டர். விளிம்பு தட்டும் வரை மொத்தம் 37 லிட்டர் சொச்சம்.

இப்போது இறங்குவதைக் கூட்டுவோம். விளிம்புக்கு மேலான 1.3 செ.மீ. கனம் 7 லிட்டர். ஹெர்பி பாக்ஸ் 20-க்கு 15 செ.மீ., 33 செ.மீ. ஆழத்துக்குக் காலியாகிறது என்றால் 10 லிட்டர். குழாய்கள் ஒன்றரை, ஸ்கிம்மர் இரண்டு. ஆக 20.5 லிட்டர். சம்ப் சுமார் 28.5 செ.மீ. வரை ஏறி நின்றுவிடும். ஆறு செ.மீ. மிச்சம், நிம்மதி.

இதில் ரிட்டர்ன் சைஃபன் இன்னும் சேரவில்லை. ரிட்டர்ன் வாய் (ரிட்டர்ன் குழாயின் மேல்முனை) ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் கூடுதலாக 10.8 லிட்டர் வரும். சம்ப் 32.6 செ.மீ.க்கு ஏறும், நெருக்கம்தான், ஆனால் வழியாது. அதே வாய் 8 செ.மீ. கீழே இருந்தால் கூடுதல் 43 லிட்டர். மொத்தம் 64-ஐ நெருங்கும். சம்ப் பிடிப்பது 37 சொச்சம். மிச்சம் 26 லிட்டர் ஹாலில். தொட்டி அதே, பம்ப் அதே, சம்ப்பும் அதே. மாறியது வாயின் உயரம் ஆறு செ.மீ. மட்டும்.

உங்கள் தொட்டிக்கு இந்தக் கணக்கைப் போடும்போது இரண்டு திருத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்ப்புக்குள் இருக்கும் கல், மீடியா, ஸ்கிம்மர் எல்லாம் இடத்தைப் பிடிக்கும். அதனால் வெறும் சம்ப்பின் கொள்ளளவு கிடைக்காது. அதோடு ஸ்டாண்ட் சாய்ந்திருந்தால் சம்ப்பின் தாழ்ந்த மூலைதான் உண்மையான உயரம். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வாய் எங்கே இருக்க வேண்டும்

மேலே உள்ள கணக்கே பதிலைச் சொல்லிவிடுகிறது. ரிட்டர்ன் வாயின் மேல்விளிம்பு, பம்ப் ஓடும்போது உள்ள நீர்மட்டத்துக்குக் கீழே 1 முதல் 2 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஓட்டத்தைத் தரைப்பக்கம் அனுப்ப வேண்டும் என்று வாயை ஆழமாக இறக்க வேண்டாம். அந்த வேலைக்கு, தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் இருக்கிறது. வளையும் முனை என்றால் கை பட்டோ மீன் முட்டியோ கீழே திரும்பிவிடும். தொட்டியைத் துடைத்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ‘டீ’ வைத்து இரண்டு முனை எடுத்திருந்தால், ‘டீ’ தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி வைத்து, ஒன்றையாவது மேலே நிறுத்துங்கள். அது முதலில் காற்றைப் பிடித்து மற்றதன் சைஃபனையும் அறுத்துவிடும்.

புதுத் தொட்டி செய்யச் சொல்பவர்கள் சிலர், குழாய் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பின்கண்ணாடியின் பாதி உயரத்தில் ரிட்டர்னுக்குத் துளை போடச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். பம்ப் நின்றால் அந்தத் துளை வரை தொட்டி இறங்கும். எந்தச் சம்ப்பும் அதைத் தாங்காது.

சைஃபன் ஓட்டை

ரிட்டர்ன் குழாயில், ஓடும் நீர்மட்டத்துக்கு 5 முதல் 8 மி.மீ. கீழே, 4 அல்லது 5 மி.மீ. டிரில் பிட்டால் ஓர் ஓட்டை. பம்ப் ஓடும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும். நீருக்குள் இருப்பதால் சத்தமும் தெறிப்பும் இல்லை. பம்ப் நின்று மட்டம் அரை செ.மீ. இறங்கியதும் ஓட்டை வெளியே வந்து காற்றை உறிஞ்சும், சைஃபன் அறுந்துவிடும். மேலே சொன்ன தொட்டியில் இந்த ஓட்டை விளிம்பின் மட்டத்துக்கே மேலே அமைந்துவிடுகிறது. அப்போது ரிட்டர்ன் வழியாகக் கூடுதலாக ஒரு சொட்டும் இழக்க வேண்டியதில்லை.

நீர் ஆவியாகி மட்டம் குறைந்தால் ஓட்டை வெளியே வந்துவிடாதா என்ற கேள்வி வரும். வராது. பம்ப் ஓடும்வரை மேல்தொட்டியின் மட்டம் மாறாது. ஆவியாகும் இழப்பு முழுவதும் சம்ப்பின் கடைசி அறையில்தான் தெரியும்.

ஓட்டையின் பலவீனம், அது அடைபடும். நன்னீர்த் தொட்டியில் பாசி அடைக்கும், கடல்நீர்த் தொட்டியில் கோரலைன் என்ற சுண்ணாம்புப் பாசி படிந்து இறுகும், நத்தை வந்து மேலே உட்காரும். ஒன்றுக்கு இரண்டு ஓட்டையாகப் போடுவதும், மாதம் ஒருமுறை பல் குத்தும் குச்சியை விட்டுப் பார்ப்பதும் போதும். பெரிய குழாய்க்கு 2 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். காற்று சொற்பமாகவே நுழையும், குழாயில் ஓடும் தண்ணீர் அதைக் குமிழிகளாக இழுத்துக்கொண்டே போய்விடும், சைஃபன் அறுவதற்குள் வெகுநேரமாகும்.

என்.ஆர்.வி. போட்டால் போதாதா?

பிளம்பிங் கடையில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது என்.ஆர்.வி. தான்: தண்ணீரை ஒருபக்கம் மட்டும் விடும் வால்வு. புதிதாக இருக்கும்போது அருமையாக வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து உள்ளே சுண்ணாம்புப் படிவமோ மணல்துளியோ குட்டி நத்தையோ மடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் நின்றால், மடல் முழுதாக மூடாது. நூல் கனத்துக்குக் கசிந்தாலும், கரன்ட் நாலு மணி நேரம் இல்லையென்றால் சைஃபன் தன் வேலையை முடித்துவிடும். போதாக்குறைக்கு வால்வு பம்பின் ஓட்டத்தையும் கொஞ்சம் குறைக்கும்.

ஆகவே வால்வை இல்லாத ஒன்றாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். வாயின் உயரமும் சம்ப்பின் காலியிடமும் மட்டுமே நம்பத் தக்கவை, ஏனென்றால் அவற்றில் நகர்வதோ அடைபடுவதோ எதுவும் கிடையாது. ஓட்டை அதற்கு அடுத்தபடி. வால்வு கடைசி. போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்துப் போடுங்கள், கழற்றிக் கழுவலாம். சால்வென்ட் சிமென்ட் போட்டு நேரடியாக ஒட்டிவிட்டால் அதன் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. பால் வால்வைக் கரன்ட் போனதும் கையால் மூடிக்கொள்கிறேன் என்பதெல்லாம் வீட்டில் ஆள் இருக்கும் நாளுக்கு மட்டும்.

அளவுக்கோடு போடுவது

கணக்கு சரியாக வந்தாலும் சோதனை செய்யாமல் விடக்கூடாது. உப்பு கலக்கும் முன், மீன் விடும் முன், வெறும் குழாய்த் தண்ணீரில் செய்துவிட வேண்டியது. தொட்டி எங்கே நிற்கப் போகிறதோ அங்கேயே வைத்துச் செய்யுங்கள்.

மேல்தொட்டியை ஓவர்ஃப்ளோ விளிம்பு வரை நிரப்பி, சம்ப்பிலும் பம்ப் மூழ்கும் அளவுக்கு விட்டு, பம்பைப் போடுங்கள். ஆனால் பம்பைப் போடும் முன்பே சைஃபன் ஓட்டையை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி அடைத்துவிடுங்கள், என்.ஆர்.வி. இருந்தால் மடலைக் கழற்றிவிடுங்கள். மோசமான நிலையைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டம் நிதானப்பட்டதும் சுவிட்சை அணைத்துவிட்டுச் சம்ப் பக்கத்தில் ஒரு வாளியோடு உட்காருங்கள். முதல் அரை நிமிடத்தில் பெரும்பங்கு இறங்கிவிடும். பிறகு டிரெயின் உறிஞ்சும் சத்தம், அப்புறம் சிறு ஒழுக்கு. பத்து நிமிடம் மட்டம் அசையாமல் நிற்கும் வரை எழுந்திருக்க வேண்டாம். விளிம்பைத் தட்டும்போல் இருந்தால் பம்பைப் போடுங்கள், மறுபடி மேலே ஏறிவிடும். அல்லது ரிட்டர்ன் முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுங்கள்.

எல்லாம் இறங்கி நின்ற நிலையில் சம்ப்பில் தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ, விளிம்புக்கு 3 செ.மீ. கீழே கொண்டுவாருங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, கடைசி அறையின் மட்டம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு. அதுதான் உச்ச அளவு. பம்ப் ஓடும்போது தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. அதோடு பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே இன்னொரு கோடு போட்டால், தண்ணீர் விட வேண்டிய நேரம் தெரியும். இரண்டு கோடுக்கும் நடுவில் இடமே இல்லையென்றால், வாயை மேலே தூக்குங்கள். அதற்கு மேலும் இடமில்லை என்றால் சம்ப் சிறிது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

உச்சக்கோடு மீறப்படுவது எப்போது என்றால், ஊருக்குப் போகும்போது. நாலு நாள் ஆவியாகுமே என்று இரண்டு குடம் சேர்த்து ஊற்றிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். அந்த நாலு நாளில் ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரன்ட்டை நிறுத்தினால், துடைக்க வீட்டில் ஆள் இருக்காது. நாலு நாள் இழப்பைத் தாங்காத சம்ப்புக்கு ஏ.டி.ஓ. (மட்டம் குறைந்ததும் தானே தண்ணீர் விடும் கருவி) வைப்பதுதான் வழி, கோட்டை மீறி ஊற்றுவது அல்ல.

ஏ.டி.ஓ.விலும் ஒரு பொறி உண்டு. நல்ல தண்ணீர் வைத்திருக்கும் கேனின் மட்டம் சம்ப்பைவிட உயரத்தில் இருந்து, அதன் டியூப் முனை கேனின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அந்தச் சின்ன பம்ப் ஒருமுறை ஓடி நின்ற பிறகும் டியூப் சைஃபனாக ஓடிக்கொண்டே இருக்கும். கேன் முழுவதும் சம்ப்புக்குள் வந்துவிடும். டியூப் முனையை, கேன் நிரம்பிய மட்டத்துக்கும் சம்ப் ஏறும் மட்டத்துக்கும் மேலே, காற்றில் நிறுத்திக் கட்டுங்கள். ஓவர்ஃப்ளோ பற்களில் பாசியோ இலையோ அடைத்தாலும் இதே வகைச் சிக்கல்தான்: மேல்தொட்டி மட்டம் உயரும், கடைசி அறை குறையும், ஏ.டி.ஓ. அதைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும். அடுத்து பம்ப் நிற்கும்போது இந்தக் கூடுதல் அனைத்தும் ஒன்றாக இறங்கும்.

கரன்ட் திரும்பும்போது

நிற்கும்போது தப்பித்த தொட்டி, திரும்ப ஓடும்போது மேலே வழிவதும் உண்டு. துளையிட்ட தொட்டிகளில் இது அரிது. விளிம்பில் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோவில், கண்ணாடிக்கு மேலாகத் தண்ணீரை வெளியே எடுக்கும் யூ குழாயில் காற்று சேர்ந்து அதன் சைஃபன் அறுந்துபோயிருந்தால், பம்ப் மேலே தள்ளும், டிரெயின் இறங்காது. இதற்குக் காப்பு எளிது: கடைசி அறையில் பம்ப் இழுக்கக்கூடிய மொத்தத் தண்ணீரும், மேல்தொட்டியில் ஓடும் மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையிலான காலியிடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் கடைசி அறையில் பம்ப் வாய்க்கு மேலே 12 செ.மீ. தண்ணீர் என்றால் 10.5 லிட்டர். மேலே 3 செ.மீ. காலி விட்டிருந்தால் 16 லிட்டர் பிடிக்கும். தாராளம்.

ஸ்கிம்மர் இன்னொரு தொல்லை. கரன்ட் வந்த முதல் நிமிடத்தில் சம்ப் இன்னும் உயரமாகவே இருக்கும். அந்த ஆழத்தில் ஸ்கிம்மர் ஓடத் தொடங்கினால் நுரைக்குப் பதில் தண்ணீரே கோப்பைக்குள் ஏறி, சேர்த்துவைத்த அழுக்கோடு வெளியே கொட்டும். டிலே உள்ள ஸ்மார்ட் பிளக்கில் 5 முதல் 10 நிமிடம் தாமதம் வைத்துவிட்டால் போதும். ஸ்கிம்மரை இன்வெர்ட்டரிலும் ரிட்டர்னை நேர் லைனிலும் கொடுப்பது இதைவிட மோசம். சம்ப் ஏறி நிற்கும் நேரம் முழுவதும் ஸ்கிம்மர் ஓடும். இன்வெர்ட்டரில் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டுமென்றால், மேல்தொட்டியின் வேவ்மேக்கரையோ ஏர் பம்பையோ கொடுங்கள். மீனுக்கு ஆக்சிஜன் கிடைக்கும், நீர்மட்டத்தை எதுவும் செய்யாது.

கடைசியாக ஸ்டாண்டுக்குள் பார்க்க வேண்டியது எக்ஸ்டென்ஷன் போர்டு. பெரும்பாலான வீடுகளில் அது சம்ப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும். சம்ப் வழிந்தால் முதலில் நனைவது அதுதான். அதைச் சம்ப்பின் விளிம்பைவிட உயரத்தில், பக்கவாட்டுப் பலகையில் திருகிப் பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வயர் வழியாக வடியும் சொட்டு அந்த வளைவிலிருந்து கீழே விழுந்துவிடும், பிளக்குக்குப் போகாது. அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், தொட்டியில் கை விடும் முன் அதைப் போட்டுவிடுங்கள்.